நிலவிலிருந்து வரும் ஒளிக்கு ஒரு கடைசிக் கம்பம்

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ்ஷுக்கு மழை ஆகாது. சாயங்காலம் வானம் கறுத்து முதல் இடி இடித்ததும் திரையில் படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த நிமிடம் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்துவிடும். சீரியல் வில்லி பாதி வசனத்தில் நிற்பாள். அம்மா ரிமோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார். மலேசியாவில் துணைக்கோளத் தொலைக்காட்சி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

போன மாதம் அப்படி ஒரு மாலை. மறுநாள் காலை நிகழ்ச்சிக்காக ஓர் அறிவியல் துணுக்கு தயாரித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் ஒரு துணுக்குக்கு நாற்பது விநாடிதான் கிடைக்கும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போக வேண்டும். சிக்னல் போனதால் சும்மா உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒத்திகை பார்த்தேன்.

"அப்பா, நிலாவுக்குப் போற விண்கலத்துல லேசர் வச்சிருக்காங்க. அங்கேர்ந்து உயர்தர வீடியோவ அப்படியே ஒளியா பூமிக்கு அனுப்பிடலாம். நம்ம வீட்டு இண்டர்நெட்டு மாதிரி வேகம்."

அப்பா மேலே பார்த்தார். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி மழ வந்தா என்னாம்மா செய்வாங்க?"

என்னிடம் பதில் இல்லை. என் நாற்பது விநாடிக்குள் மழைக்கு நான் இடமே வைத்திருக்கவில்லை.

அப்பா தொலைபேசி லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பந்திங், கோலா சிலாங்கூர் என்று தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். புகார் வந்தால் நேராகப் புகார் கொடுத்தவர் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் போவாராம். "பத்து மைலு கம்பி நல்லாத்தான் இருக்கும். கோளாறு எப்பவும் கடைசிக் கம்பத்துலதான்" என்பார். அன்றிரவு இந்த லேசர் விஷயத்தை விரிவாகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அப்பாவின் கடைசிக் கம்பம்தான் கண் முன்னால் வந்தது. ஏனென்றால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் நடப்பது தரையில்.

ஆறு கிலோமீட்டர் வெளிச்சம்

நாசாவின் ஆர்ட்டெமிஸ் 2 திட்டம், 1972-இல் அப்போலோ 17 திரும்பி வந்த பிறகு மனிதர்களை நிலவின் பக்கம் அனுப்புவதற்கான முதல் திட்டம். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நால்வர்: ரீட் வைஸ்மேன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோச், கனடாவைச் சேர்ந்த ஜெரமி ஹேன்சன். அவர்களுக்கான ஓரியன் கலத்தில் வழக்கமான ரேடியோக் கருவிகளோடு சேர்த்து ஒரு லேசர் கருவிக்கும் இடம் ஒதுக்கினார்கள். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னத் தொலைநோக்கி அது. பூமி இருக்கும் பக்கம் தானாகத் திரும்பும் ஒரு தாங்கியில் உட்கார்ந்திருக்கும். விநாடிக்கு 260 மெகாபிட் வரை கீழே அனுப்பும் திறன் அதற்கு உண்டு.

260 மெகாபிட் என்பது நம்மில் பலர் மாதாமாதம் பணம் கட்டும் ஃபைபர் இணையத்தின் வேகம். 1969-இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது உலகம் பார்த்த படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கேமரா விநாடிக்குப் பத்துப் படம், ஒவ்வொரு படத்திலும் 320 வரிகள் என்ற கணக்கில்தான் எடுத்தது. அதற்கு மேல் அனுப்ப ரேடியோவில் இடமில்லை. ஆவி போல நிழலாடிய அந்த உருவங்களுக்குக் காரணம் நிலவு அல்ல, குழாயின் அகலம்.

லேசர் எப்படி இவ்வளவு அள்ளிக்கொண்டு வருகிறது? பெரும்பகுதி விடை அதன் ஒடுக்கத்தில் இருக்கிறது. நிலவிலிருந்து ஒரு மீட்டர் அகல டிஷ் வழியாக வழக்கமான ரேடியோ அலையை பூமிப் பக்கம் அனுப்பினால், வந்து சேரும்போது அது பூமியையே விழுங்கும் அளவு விரிந்திருக்கும். அதில் நம் டிஷ் பிடிப்பது துளி. மீதியெல்லாம் கடலுக்கும் காட்டுக்கும் வெட்டவெளிக்கும் போகிறது. பத்து சென்டிமீட்டர் தொலைநோக்கியிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு லேசரோ, அதே நிலவிலிருந்து வரும்போது ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்தான் விரிகிறது. ஷா ஆலாமில் அந்த வெளிச்சம் விழுந்தால் கிள்ளானில் இருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. சக்தி வீணாகாமல் ஒரே இடத்தில் வந்து குவிகிறது.

அதற்கு விலையும் உண்டு. ரேடியோவுக்குக் கொஞ்சம் குறி தப்பினாலும் பரவாயில்லை. ஆறு கிலோமீட்டர் வட்டத்தை 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சரியான மலைமேல் விழவைக்க வேண்டும் என்றால் குறி தப்பவே கூடாது. அதனால் முதலில் பேசுவது தரைதான். தரை நிலையம் மேல்நோக்கி ஒரு லேசரை அனுப்பும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று கைவிளக்கை ஆட்டுவது மாதிரி. கலம் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தன் கற்றையை அதன் மேல் திருப்பும். மேலே லேசர் விடுவதற்கும் விருப்பம்போல் விட முடியாது. விமானம் குறுக்கே வந்தால் அணைத்துவிட வேண்டும். துணைக்கோளங்களின் கண்ணில் படாத நேரமாகவும் பார்க்க வேண்டும்.

தாளத்தில் வரும் தகவல்

சரி, கீழே வந்த ஒளியை எப்படிப் படிக்கிறார்கள்? நான் படித்தது ஊடகத் துறை. இயற்பியல் புத்தகத்தைப் பள்ளியோடு மூடியவள். ஆனால் இந்தப் பகுதி புரிந்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் பதினாறு இடங்கள். மிருதங்கக்காரர் ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு தட்டுதான் தட்டலாம். ஆனால் பதினாறில் எந்த இடத்தில் தட்டுவது என்பது அவர் விருப்பம். கேட்பவர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால், ஒரே தட்டில் நான்கு பிட் தகவல் கைமாறிவிடும். நிலவிலிருந்து வரும் லேசர் செய்வது இதைத்தான். துடிப்பு எவ்வளவு பலமாக வந்தது என்பது முக்கியமில்லை, எந்த இடத்தில் வந்தது என்பதில்தான் சேதி இருக்கிறது. தட்டு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் போதும், கேட்கிற காது கூர்மையாக இருந்தால் சரி.

அந்தக் காது ஒரு நுண்ணிய கம்பி. மின்தடையே இல்லாத நிலைக்கு வரும்வரை, மைனஸ் 270 பாகை செல்சியஸ் அளவுக்கு அதைக் குளிரவைக்கிறார்கள். ஒளியின் ஒற்றைத் துகள், அதாவது ஒரே ஒரு ஃபோட்டான், அதன் மேல் பட்டால் போதும். பட்ட இடம் கண நேரம் சூடாகித் தடை உண்டாகும். அந்தச் சிறு துள்ளலைக் கருவி எண்ணிக்கொள்ளும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கம்பிதானா கடைசில?" என்று கேட்டார். குரலில் ஒரு திருப்தி தெரிந்தது.

நிலவுத் தூரத்தில் இது நடக்கும் என்று காட்டியது 2013 அக்டோபரில் நடந்த சோதனை. லாடீ என்ற ஆளில்லாக் கலம் நிலவைச் சுற்றியபடி, அரை வாட் லேசரைக் கொண்டு விநாடிக்கு 622 மெகாபிட் அனுப்பியது. அரை வாட் என்பது நம் வீட்டு இரவு விளக்குக்கும் குறைவு. அதைப் பிடிக்க அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஒயிட் சாண்ட்ஸில் வைத்திருந்தது பிரம்மாண்டமான கண்ணாடி அல்ல. 40 சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் நான்கு, ஒரே தாங்கியில். மேலே அனுப்புவதற்கு 15 சென்டிமீட்டரில் இன்னொரு நான்கு.

ஏன் நான்கு? நட்சத்திரம் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் சூடும் குளிரும் கலந்து அலைவதால் ஒளி தள்ளாடுகிறது. லேசரும் அப்படித்தான் தள்ளாடும். ஒரு தொலைநோக்கியில் ஒளி மங்கும் கணத்தில் பக்கத்துத் தொலைநோக்கியில் நன்றாக விழலாம். நான்கிலும் வருவதைக் கூட்டிக்கொண்டால் ஆட்டம் அடங்குகிறது. ஒரு பெரிய ஆள் தனியாகப் பிடிப்பதைவிட நான்கு பேர் சேர்ந்து துப்பட்டாவை விரித்துப் பிடிப்பது மாதிரி.

மழ வந்தா?

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

ரேடியோ அலைகளில் நீளமானவற்றுக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. பதின்மூன்று சென்டிமீட்டர் நீள அலை, ஒரு மழைத்துளியைக் கவனிக்காமலே தாண்டிவிடும். நம் வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை அதைவிடக் குட்டை, சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதனால்தான் பேய்மழையில் சிக்கிக்கொள்கிறது. லேசரின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. மேகத்தில் மிதக்கும் நீர்த்திவலையே அதற்கு மலை மாதிரி. மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை, தடித்த மேகம் ஒன்று வந்து நின்றாலே போதும், வந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறிவிடும்.

இது புதிய தலைவலியும் இல்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், 1880-இல் சூரிய ஒளிக்கற்றையில் மனிதக் குரலை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். தொலைபேசியைவிட இதுவே தன் பெரிய கண்டுபிடிப்பு என்று அவர் நினைத்தார். ஆனால் மேகமும் மூடுபனியும் வந்தால் பேச்சு நின்றுவிடும். உலகம் கம்பியைத்தான் தேர்ந்தெடுத்தது. அதனால் எங்கள் வீட்டிலும் அடுப்பெரிந்தது.

மேகத்தை லேசரால் துளைக்க முடியாது என்பதால், தரை நிலையங்களை அமைப்பவர்கள் ஒரு விதத்தில் மேகமில்லாத நிலம் தேடும் தரகர்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஒரு பாலைவனம். கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான மலை. ஆர்ட்டெமிஸ் 2-க்குக் குறிக்கப்பட்ட முதன்மை இடங்கள் இந்த இரண்டு பகுதிகளிலும்தான். 2013 சோதனைக்கு ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் தெனரிஃப் தீவின் மலைமேல் இருக்கும் தன் ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொடுத்து உதவியது. பூமியை ஒட்டிச் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு இன்னொரு ஏற்பாடு. 2023 நவம்பரில் அங்கே ஒரு லேசர் கருவியை அனுப்பினார்கள். குளிர்சாதனப் பெட்டி அளவு இருக்கும். அது நேராகத் தரைக்குப் பேசவில்லை. முதலில் மேலே, 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஓர் இடைநிலைத் துணைக்கோளத்துக்கு விநாடிக்கு 1.2 கிகாபிட் வேகத்தில் அனுப்பியது. அந்தத் துணைக்கோளம் கலிபோர்னியா மலைக்கோ, ஹவாயில் ஹலேயாகலா மலைக்கோ இறக்கிவிட்டது. இங்கே மேகம் என்றால் அங்கே.

இரண்டு இடத்திலும் மேகம் என்றால்? அனுப்பியதைத் தூக்கிப்போடாமல் வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலையமும் கையில் வைத்துக்கொண்டு, பாதை திறந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் தபால்காரர் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவாரே, அதேதான். 2024-இல் அமெரிக்காவின் ஏரிப் பகுதியில் பறந்த ஒரு விமானத்திலிருந்து 4கே காணொளியை இந்தச் சங்கிலி வழியாக விண்வெளி நிலையம்வரை கொண்டுபோனபோது இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். மேகத்தையும் மீறிச் சேதி முழுசாகப் போய்ச் சேர அது உதவியது.

நம் ஊரில் இப்படி ஒரு நிலையம் வைக்க முடியுமா என்று கேட்காதீர்கள், நானும் ஆசைப்பட்டேன். மத்தியானம் வெயில், நாலு மணிக்கு இடி என்று வாழ்கிற நிலநடுக்கோட்டு நாடு இது. தரகர்கள் நம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்த வானிலையிலும் லேசரை விடாதவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் டிரான்செலெஸ்டியல் என்ற நிறுவனம், காலணிப் பெட்டி அளவுக் கருவியைக் கட்டடங்களின் மேல் வைத்து, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு லேசரில் இணையம் அனுப்புகிறது. தூரம் குறைவாக இருந்தால் மழையோடு மல்லுக்கட்டலாம். நிலவுவரை என்றால் முடியாது.

பதினான்கு விநாடி

இந்த இடத்தில் ஒரு வானொலிக்காரியாக என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து நேரடி ஒலிபரப்பு. கூட்டத்தில் ஒரு பாட்டி தொலைந்துவிட்டார். சிவப்புச் சேலை, கையில் ஒரு துணிப்பை, மறதி நோய் உண்டு, மகன் என் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறார். "சிவப்புச் சேலை கட்டிய..." என்று நான் சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. லட்சக்கணக்கான கைப்பேசிகள் ஒரே நேரத்தில் இயங்கும் இடத்தில், கைப்பேசி வலையமைப்பை நம்பி வைத்த எங்கள் நவீனக் கருவி மூச்சுவிடவில்லை. வானொலியில் இதை 'டெட் ஏர்' என்போம். பதினான்கு விநாடி. கேட்பவருக்குச் சின்னது, உள்ளே இருப்பவருக்கு யுகம்.

எங்கள் தொழில்நுட்ப அண்ணன் பதறவில்லை. "தங்கச்சி, இத புடி" என்று கோயில் அலுவலகத்துக் கம்பித் தொலைபேசியை இழுத்து என் கையில் கொடுத்தார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது என் குரல். ஆனால் போய்ச் சேர்ந்தது. நாற்பது நிமிடத்தில் ஒரு நேயர் பாட்டியை ரயில் நிலையத்துப் பக்கம் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்.

அதனால், விண்கலத்தில் லேசர் வந்ததும் ரேடியோவைக் கழற்றிவிடுவார்களோ என்று ஒரு பயம் இருந்தது எனக்கு. அப்படி இல்லை. ஓரியனில் லேசர் ஒரு கூடுதல் பாதைதான். கலத்தின் உயிர்நாடியான கட்டளைகளும் வீரர்களின் குரலும் போவதற்கு ரேடியோ இருந்தே தீரும். குரலுக்கு அதிக இடம் வேண்டாம், மேகமும் அதை நிறுத்தாது. லேசர் சுமப்பது பெரிய மூட்டைகளை: உயர்தரக் காணொளி, படங்கள், பயணத் திட்டங்கள், வேலைக் குறிப்புகள்.

அப்படியென்றால் அது வெறும் அலங்காரமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நம்மைக் கவர்வதற்கு 4கே, 4கே என்று விளம்பரம் மாதிரி சொல்கிறார்களே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அப்போலோ 13 கதையைத் திரும்பப் படித்ததும் எண்ணம் மாறியது. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் அந்தக் கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தது. ஜிம் லோவல் சன்னல் வழியாகப் பார்த்து, ஏதோ வாயு வெளியேறுகிறது என்று குரலில் சொன்னார். தரையில் இருந்தவர்களிடம் இருந்தவை கருவிகள் அனுப்பிய எண்களும் அந்தக் குரலும்தான். வெடித்த பகுதியை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. பூமிக்குள் நுழையும் சற்று முன்பு அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டபோதுதான் வீரர்களே அதை முதன்முதலாகப் பார்த்தார்கள், ஒரு பக்கத்துத் தகடு முழுவதும் பெயர்ந்து போயிருந்தது. படம் எடுத்தார்கள். அந்தப் படச்சுருளைத் தரைக்குக் கொண்டுவந்து கழுவிய பிறகுதான் பொறியாளர்களால் பார்க்க முடிந்தது. அதற்குள் மூவரும் வீடு வந்துவிட்டார்கள், நல்ல வேளை.

இன்னொரு முறை அப்படி ஏதாவது நடந்தால், சன்னலுக்கு வெளியே தெரிவதைக் குரலில் விளக்க வேண்டியதில்லை. தரையில் இருப்பவர்கள் அதே தெளிவில் அதைப் பார்க்கலாம், அந்த நேரத்தில் மலைமேல் மேகம் இல்லாவிட்டால்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2007 அக்டோபர் 10-ஆம் தேதி இரவு, நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால், நம் நாட்டு அங்காசவான் ஷேக் முஸாஃபர் விண்வெளிக்குப் புறப்பட்டபோது நான் நான்காம் படிவ மாணவி. தாமான் முழுக்க டிவி முன்னால் இருந்தது. ஒரு முகத்தைப் பார்ப்பதற்கும் ஒரு குரலைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, குரலை வைத்துப் பிழைக்கிற நானே ஒப்புக்கொள்கிறேன்.

பூனை வந்த வழி

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு பூனையின் கதை. 2023 அக்டோபரில் சைக்கி என்ற ஆளில்லாக் கலம், அதே பெயருள்ள சிறுகோளை நோக்கிப் புறப்பட்டது. செவ்வாய்க்கு மனிதர்கள் போகும் காலத்துக்கு முன்னோட்டமாக அதிலும் ஒரு லேசர் கருவி இருந்தது. டிசம்பர் 11-ஆம் தேதி, 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து அது பதினைந்து விநாடிக் காணொளி ஒன்றை அனுப்பியது. டேட்டர்ஸ் என்ற ஆரஞ்சு நிறப் பூனை, சோபாவில் ஒரு லேசர் புள்ளியைத் துரத்துகிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவரின் வளர்ப்புப் பூனை அது. ஏன் பூனை? 1928-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சிச் சோதனை ஒளிபரப்பு நடந்தபோது கேமரா முன்னால் சுற்றவிட்டது ஃபீலிக்ஸ் என்ற கார்ட்டூன் பூனையின் பொம்மையை. கல்லூரியில் ஊடக வரலாற்று வகுப்பில் தூங்கி வழிந்துகொண்டே கேட்ட தகவல், பதினைந்து வருடம் கழித்து எங்கிருந்தோ திரும்பி வந்தது.

அந்த ஒளி பூமிக்கு வர 101 விநாடி ஆனது. அதற்குள் பூமி தன் சுற்றுப்பாதையில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நகர்ந்துவிடும், கலமும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பூமி இருக்கும் இடத்துக்குக் குறி வைத்தால் ஆகாது, இருக்கப்போகும் இடத்துக்கு வைக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு 40 சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் போதாது. கலிபோர்னியாவில் பாலோமார் மலைமேல் இருக்கும், 5.1 மீட்டர் கண்ணாடி கொண்ட ஹேல் தொலைநோக்கியைக் கடன் வாங்கினார்கள். 1948-இல் திறக்கப்பட்டது, விண்மீன் மண்டலங்களைப் பார்ப்பதற்காகக் கட்டியது, அன்று பூனையைப் பார்த்தது. வேகம் விநாடிக்கு 267 மெகாபிட். கலம் தள்ளிப்போகப் போக வேகம் குறையும், 2024 ஏப்ரலில் 22 கோடியே 60 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 25 மெகாபிட் வந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். பாலோமாரில் பிடித்த பூனையை ஜேபிஎல் ஆய்வகத்துக்கு இணையம் வழியாக அனுப்பினார்கள். இரண்டும் ஒரே கலிபோர்னியாவில்தான் இருக்கின்றன. அந்த இணைய இணைப்பு, விண்வெளியிலிருந்து வந்த லேசரைவிட மெதுவாக இருந்ததாம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "சொன்னேனா இல்லையா? கடைசிக் கம்பம்!"

பதினொரு மணி நிலா

அன்று வேறு ஒரு மழை நாள். பெய்து ஓய்ந்து, இரவு பதினொரு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. பௌர்ணமி. அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஸ்டூடியோவில் இருக்க வேண்டும், இருந்தாலும் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப அமெரிக்காவுல மணி என்னா?"

"கலிபோர்னியாவுல காலைல எட்டுப்பா."

"அப்ப அங்க நிலா இறங்கியிருக்குமே. நாலு பேரு அங்க போயி வீடியோ அனுப்புனா இந்த நேரத்துல யாரு புடிக்கிறது?"

ஒரு லைன்மேனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். பூமி சுற்றுகிறது, ஒரு கம்பம் நிலவைப் பார்ப்பது பாதி நாள்தான். ரேடியோவுக்கு அமெரிக்கா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று உலகத்தை மூன்றாகப் பங்குபோட்டு டிஷ்கள் எப்போதோ வந்துவிட்டன. லேசருக்கு இப்போதுதான் ஆள் சேர்க்கிறார்கள். நம் பக்கத்து உலகத்தில் முன்வந்தது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம். கேன்பெராவை ஒட்டிய மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில், 70 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஒரு ஒளி நிலையம் கட்டியிருக்கிறார்கள். 2003 ஜனவரியில் காட்டுத்தீ அந்த மலைமேல் ஏறி, அங்கிருந்த பழைய தொலைநோக்கிகளை எரித்துப்போட்டது. அதே மலையில்தான் இது நிற்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க மழையா பாரு."

கைப்பேசியை எடுத்துக் கேன்பெரா வானிலையைப் பார்த்தேன். ஓரளவு மேகமூட்டம் என்று போட்டிருந்தது.

"ஓரளவுன்னா?" என்றார் அப்பா.